ராபின் என்கிற ராபர்ட்: ஒரு பறவைப் பேர் உலகம் சுற்றிய கதை

ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதிய எல்லாருக்கும் ரவுண்ட் ராபின் ஸ்கெடியூலிங் தெரியும். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் சமமான நேரம், முடிந்ததும் வரிசையின் கடைசிக்குப் போ, அவ்வளவுதான். ஆனால் இதில் ராபின் எங்கிருந்து வந்தது? அது பறவையா, ஆளா?

பதில்: ஆள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கப்பல்களில் மாலுமிகள் கேப்டன் மீது புகார் எழுதும்போது, கையெழுத்துகளை ஒன்றன் கீழ் ஒன்றாகப் போடாமல் வட்டமாகப் போடுவார்கள். முதல் கையெழுத்து யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. முதல் ஆள் தெரிந்தால் தானே தண்டனை கொடுக்க முடியும்! அந்த வட்டக் கடிதத்துக்குப் பேர்தான் ரவுண்ட் ராபின். பிறகு அந்தப் பேர் விளையாட்டுப் போட்டிகளுக்கு வந்தது, அங்கிருந்து நம்ம சிலபஸுக்கு வந்தது.

அப்போ ராபின் பறவை? அதுவும் ஆள் பேர்தான். ஒரு மனிதப் பேர் ஒரு சின்னப் பறவையின் மேல் ஏறி, கப்பலில் அமெரிக்கா போய், ஆஸ்திரேலியா போய், நம்ம ஊருக்கும் வந்து, வந்த இடத்திலெல்லாம் வேறு வேறு பறவைகளின் மேல் உட்கார்ந்த கதையைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். பறவை ஆர்வலர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை இது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் எப்படி ஏறுகிறது, எப்படி வடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கஷ்டம்.

முதல் பேர் ராபின் இல்லை

பிரிட்டனில் தோட்டம் உள்ள வீடுகளில் சாதாரணமாக வரும் ஒரு பறவை. நீளம் சுமார் 14 செ.மீ., எடை 18 கிராம் அளவு. முதுகு பழுப்பு, முகமும் மார்பும் செம்மஞ்சள். இதன் அறிவியல் பெயர் எரிதாகஸ் ரூபெகுலா.

பழைய ஆங்கிலத்தில் இதன் பேர் 'ரடக்'. சிவப்பு என்ற வேரிலிருந்து வந்த சொல், நம்ம ஊர் பாணியில் சொன்னால் 'சிவப்பி' மாதிரி. பிறகு 15ஆம் நூற்றாண்டு வாக்கில் 'ரெட்பிரெஸ்ட்', அதாவது செம்மார்பு, என்ற பேர் வழக்கத்துக்கு வந்தது. இரண்டுமே பறவையைப் பார்த்து வைத்த பேர்கள். பேரைக் கேட்டாலே பறவையை ஓரளவு கற்பனை பண்ணலாம்.

அதே 15ஆம் நூற்றாண்டில்தான் மக்கள் இதன் முன்னால் ஒரு செல்லப்பேரைச் சேர்த்தார்கள்: 'ராபின் ரெட்பிரெஸ்ட்'. ராபின் என்பது ராபர்ட் என்ற பேரின் செல்லச் சுருக்கம். ராபர்ட் ஒரு ஜெர்மானியப் பேர், 'புகழால் ஒளிர்பவன்' என்று பொருள். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் மூலம் அங்கே பரவியது. அதன் கடைசியில் பிரெஞ்சு மொழியின் 'இன்' என்ற குறுக்க விகுதியைச் சேர்த்தால் ராபின். ராபின் ஹூட்டில் இருப்பதும் இதே ராபின்தான். ஆக, செம்மார்புப் பறவையை அந்த ஊர் மக்கள் 'நம்ம ராபர்ட்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அடுத்த நூறு வருஷத்தில் நடந்ததுதான் முக்கியமான திருப்பம். 'ராபின் ரெட்பிரெஸ்ட்' என்ற இரட்டைப் பேரில் பின்பாதி உதிர ஆரம்பித்தது. வெறும் 'ராபின்' மட்டும் தனியாகப் புழங்கத் தொடங்கியது. எந்தப் பாதி உதிர்ந்தது என்று கவனிங்க. பறவை எப்படி இருக்கும் என்று சொல்லும் பாதி போய்விட்டது. எதையும் சொல்லாத செல்லப்பேர் தங்கிவிட்டது.

மற்ற ஐரோப்பிய மொழிகளில் இப்படி நடக்கவில்லை. ஜெர்மனில் இதன் பேர் ரோட்கேல்ஷென், 'சின்னச் செந்தொண்டை'. பிரெஞ்சில் ரூஜ்கோர்ஜ், அதுவும் செந்தொண்டைதான். இத்தாலியனில் பெத்திரோஸ்ஸோ, செம்மார்பு. எல்லா மொழியிலும் நிறமும் உறுப்பும் பேருக்குள்ளேயே இருக்கின்றன. ஆங்கிலம் மட்டும் அதைக் கழற்றி வைத்துவிட்டது. நம்ம பாஷையில் சொன்னால், டேட்டா டைப் அறிவிக்காத வேரியபிள் ஆகிவிட்டது ராபின். அதில் எதை வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம். பின்னால் போட்டார்கள்.

மார்பு சிவப்பே இல்லையே!

ராபின் படத்தைத் தேடிப் பாருங்க. அதன் மார்பு ஆரஞ்சு நிறம். சிவப்பு என்று யாரும் சொல்ல மாட்டோம். அப்போ அந்தக் கால ஆங்கிலேயர்களுக்குக் கண்ணில் கோளாறா?

கோளாறு கண்ணில் இல்லை, அகராதியில் இருந்தது. ஆங்கிலத்தில் ஆரஞ்சு என்பது முதலில் பழத்தின் பேர். நிறத்தின் பேராக அது வழக்கத்துக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னால் செம்மஞ்சள் நிறத்துக்கு அவர்களிடம் தனிச்சொல் இல்லாததால் அதையும் சிவப்புக் கணக்கிலேயே எழுதினார்கள். நிறச்சொல் வந்து சேர்ந்தபோது பறவைக்கு ஏற்கெனவே பேர் வைத்தாகிவிட்டது.

இங்கே ஒரு சின்ன தமிழ் இணைப்பும் உண்டு. ஆரஞ்சு என்ற சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அதற்கு முன் அரபி, அதற்கு முன் பாரசீகம், அதற்கு முன் சமஸ்கிருதத்தின் 'நாரங்க'. அந்தச் சொல்லின் வேர் ஒரு திராவிட மொழியில் இருக்க வேண்டும் என்பது மொழியியலாளர்கள் பலரின் கருத்து. நம்ம நாரத்தங்காயை நினைத்துக்கொள்ளுங்க. ஊறுகாய் ஜாடியில் இருக்கிற சொல்லின் உறவுக்காரச் சொல் சரியான நேரத்துக்கு இங்கிலாந்து போய்ச் சேராததால், ஒரு பறவை இன்று வரை 'சிவப்பு மார்பு' என்று அறியப்படுகிறது.

செல்லப்பேர் வைக்கும் பழக்கம்

மனிதப் பேர் கிடைத்தது ராபினுக்கு மட்டும் இல்லை. ரென் என்ற குட்டிப் பறவை 'ஜென்னி ரென்' ஆனது. 'டா' என்ற காக்கை இனப் பறவை 'ஜாக்டா' ஆனது. டிட் என்ற பறவை 'டாம்டிட்' ஆனது.

இதில் நமக்கு முக்கியமானது மேக்பை. இதுவும் காக்கைக் குடும்பம்தான், நீண்ட வால், கருப்பு வெள்ளை உடம்பு. இதன் பழைய பேர் வெறும் 'பை', லத்தீனின் 'பிகா'விலிருந்து வந்தது. கருப்பு வெள்ளையாக இருக்கும் பொருள்களைக் குறிக்கும் 'பைடு' என்ற ஆங்கிலச் சொல்லும் இந்தப் பறவையிலிருந்து பிறந்ததுதான். இந்தப் பைக்கு முன்னால் மார்கரெட் என்ற பேரின் சுருக்கமான 'மேக்'கைச் சேர்த்தார்கள். ஓயாமல் பேசும் பெண்ணைக் குறிக்க அந்தக் காலத்தில் அந்தப் பேர் பயன்பட்டது. பறவையும் ஓயாமல் கத்தும். பொருத்தம் பார்த்துவிட்டார்கள்! பறவைப் பேருக்குள் பெண்களைப் பற்றிய ஒரு கிண்டலும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டது.

இது ஆங்கிலேயர்களின் விசித்திரப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஆண்டாளின் திருப்பாவையில் விடியற்காலையில் பேசும் ஒரு பறவை வருகிறதே, அதன் பேர் ஆனைச்சாத்தன். கரிக்குருவி, வலியன் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அதில் இருக்கும் 'சாத்தன்' யார்? பழந்தமிழகத்தில் தெருவுக்கு ஒருவருக்கு இருந்திருக்கக்கூடிய ஆண் பேர். மணிமேகலை எழுதிய சீத்தலைச் சாத்தனார் பேரிலும் அதே சாத்தன்தான் இருக்கிறார். இங்கிலாந்தில் ராபர்ட் பறவை ஆவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம்ம ஊரில் சாத்தன் பறவையாகிவிட்டார். தினமும் பார்க்கிற, தினமும் குரல் கேட்கிற உயிருக்கு மனிதப் பேர் வைப்பது எல்லா ஊர்ப் பழக்கம்தான் போல.

கிறிஸ்துமஸ் கார்டும் குத்துச்சண்டையும்

பேர் அப்படியே இருக்க, அதன் பொருள் மாறுவது இன்னொரு வகை. பிரிட்டனில் ராபின் குளிர்காலத்தின் அடையாளம். பெரும்பாலான பறவைகள் பாட்டை நிறுத்திவிடும் குளிரிலும் இது பாடும். பெண் ராபினும் பாடும். 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் பரவியபோது, அவற்றைக் கொண்டுவந்த தபால்காரர்கள் சிவப்புக் கோட்டு போட்டிருந்தார்கள். அதனால் அவர்களுக்கே 'ராபின்' என்று பட்டப்பேர் விழுந்தது. வாழ்த்து அட்டைகளில் அலகில் கடிதத்தோடு ராபின் பறவை வர ஆரம்பித்தது. மனிதப் பேர் பறவைக்குப் போய், பறவையிலிருந்து மறுபடி மனிதனுக்கே திரும்பி வந்துவிட்டது. 2015இல் பிரிட்டனில் 'தேசியப் பறவை எது?' என்று நடந்த பொது வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்ததும் ராபின்தான்.

இவ்வளவு செல்லமான பறவையின் நிஜ குணம் என்ன? டேவிட் லாக் என்ற பள்ளி ஆசிரியர் 1930களில் ராபின்களின் காலில் வண்ண வளையங்கள் மாட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார். 1943இல் 'ராபினின் வாழ்க்கை' என்ற பொருளில் தலைப்பிட்ட நூலாக அதை வெளியிட்டார். அவர் கண்டது: ராபின் தன் எல்லைக்குள் இன்னொரு ராபினை விடவே விடாது. பஞ்சு அடைத்த பொம்மை ராபினை வைத்தால் அதையும் தாக்கும். கடைசியில் உடம்பே இல்லாமல் வெறும் சிவப்பு இறகுக் கொத்து ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டபோதும் அதோடு சண்டைக்கு வந்தது.

அதாவது, எந்த மார்பைப் பார்த்து மனிதர்கள் 'அழகு' என்று பேர் வைத்தார்களோ, அந்த மார்பு இன்னொரு ராபினுக்குச் சொல்லும் செய்தி 'இது என் ஏரியா, கிளம்பு' என்பது. ஒரே நிறம், இரண்டு வாசகர்கள், இரண்டு அர்த்தம்.

அட்லாண்டிக்கைத் தாண்டி

வட அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்களின் கண்ணில் ஒரு பறவை பட்டது. மார்பு செங்கல் நிறம். வீட்டுப் பக்கத்தில் பயமில்லாமல் திரிந்தது. ஊர் நினைவு வந்திருக்க வேண்டும். 'ராபின்' என்று கூப்பிட்டார்கள்.

ஆனால் அந்தப் பறவை சுமார் 25 செ.மீ. நீளம், எடை 77 கிராம் அளவு. பிரிட்டிஷ் ராபினைப் போல நான்கு மடங்கு கனம். அது த்ரஷ் எனப்படும் வேறொரு குடும்பம். அறிவியல் பெயர் டர்டஸ் மைக்ரடோரியஸ், 'இடம்பெயரும் த்ரஷ்' என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் கரோலினாவின் பறவைகளை வரைந்த மார்க் கேட்ஸ்பி என்ற இயற்கையாளர், ஃபீல்டுஃபேர் என்ற ஐரோப்பிய த்ரஷின் பேரை இதற்குக் கொடுத்துப் பார்த்தார். உறவு முறைப்படி அது எவ்வளவோ பொருத்தம். ஆனால் மக்கள் வாயில் ஒட்டியது ராபின்தான். ஜெர்மன்காரர்கள் இதை வாண்டர்டிராசல், 'அலையும் த்ரஷ்' என்றே அழைக்கிறார்கள். அவர்கள் மொழியில் 'சின்னச் செந்தொண்டை' என்ற பேர் தெளிவாக இருந்ததால் அதைத் தூக்கி இன்னொரு பறவைக்குப் போட வழியில்லை.

பேர் போன இடத்தில் பருவமும் தலைகீழானது. பிரிட்டனில் ராபின் என்றால் பனி, கிறிஸ்துமஸ். அமெரிக்காவில் ராபின் என்றால் வசந்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். மிச்சிகன், விஸ்கான்சின், கனெக்டிகட் மூன்றுக்கும் மாநிலப் பறவை அது. 'ராபின் முட்டை நீலம்' என்று ஒரு நிறம் சொல்வார்களே, அது அமெரிக்க ராபினின் முட்டை. பிரிட்டிஷ் ராபினின் முட்டை வெளிர் நிறத்தில் செம்புள்ளிகளோடு இருக்கும், நீலம் கிடையாது.

இந்தக் குழப்பம் ஹாலிவுட்டையும் விடவில்லை. 1964இல் வந்த 'மேரி பாப்பின்ஸ்' படத்தின் கதை லண்டனில் நடக்கிறது. அதில் ஒரு பாட்டுக் காட்சியில் கூடு கட்டும் ராபின் வருகிறது. பார்த்தால் அது அமெரிக்க ராபின்! ஸ்கிரிப்ட்டில் இருந்த சொல் ஒன்று, படம் எடுத்த ஊரில் அதன் பொருள் வேறொன்று.

நிறமும் போனது

ஆஸ்திரேலியாவிலும் குடியேறியவர்கள் இதையே செய்தார்கள். அங்கே உண்மையிலேயே பளிச்சென்ற சிவப்பு மார்புடைய குட்டிப் பறவைகள் உண்டு. அவற்றுக்கு ராபின் என்று பேர் வைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அவை ஐரோப்பிய ராபினுக்கும் அமெரிக்க ராபினுக்கும் நெருங்கிய சொந்தம் இல்லாத தனிக் குடும்பம், பெட்ராய்சிடே.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அதே குடும்பத்தில் மஞ்சள் மார்புப் பறவை இருந்தது. அதற்கு 'மஞ்சள் ராபின்' என்று பேர். நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் தலை முதல் வால் வரை கருப்பாக ஒரு பறவை இருந்தது. அதற்கு 'கருப்பு ராபின்'. செம்மார்பு என்று தொடங்கிய பேர், சிவப்பே இல்லாத பறவையின் மேல் வந்து நின்றது. 'கருப்புச் செம்மார்பு' என்று யாராலும் பேர் வைத்திருக்க முடியாது. 'கருப்பு ராபின்' என்று வைக்க முடிந்தது, ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள் நிறம் எப்போதோ வடிந்துவிட்டது.

அந்தக் கருப்பு ராபினின் கதையைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. 1980இல் உலகத்திலேயே மிஞ்சியவை 5 பறவைகள். அதில் குஞ்சு பொரிக்கும் பெண் பறவை ஒன்றே ஒன்று. காலில் நீல வளையம் மாட்டியிருந்ததால் அதை 'ஓல்டு ப்ளூ' என்றார்கள். டான் மெர்டன் தலைமையிலான குழு அதன் முட்டைகளை எடுத்து இன்னொரு பறவையின் கூட்டில் வைத்து வளர்த்தது. முட்டைகள் போனதும் ஓல்டு ப்ளூ மறுபடி முட்டையிட்டது. அப்படியே எண்ணிக்கை ஏறி, இன்று 200க்கு மேல் இருக்கின்றன. எல்லாமே ஓல்டு ப்ளூவின் வாரிசுகள். வளர்ப்புத் தாயாக இருந்த பறவையின் பேர் என்ன தெரியுமா? டாம்டிட். டாம் வளர்த்த ராபின்!

நம்ம ஊர் ராபின்கள்

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். பொட்டல் நிலம், கல் குவியல், சுற்றுச்சுவர், இந்த மாதிரி இடங்களில் வாலைத் தூக்கித் தூக்கி நடக்கும் ஒரு சின்னக் கருப்புப் பறவையைப் பார்த்திருப்பீங்க. தமிழில் கருஞ்சிட்டு. ஆங்கிலத்தில் இந்தியன் ராபின். தோளில் வெள்ளைக் கோடு, மற்றபடி ஆண் பறவை பளபளக்கும் கருப்பு. சிவப்பு எங்கே? வாலுக்கு அடியில்! வாலைத் தூக்கும்போது அங்கே செம்பழுப்பு நிறம் தெரியும். மார்பில் இருந்த சிவப்பு இந்தியா வந்து சேர்வதற்குள் எங்கே போய்விட்டது பாருங்க.

இதன் அறிவியல் பெயரிலும் ஒரு பயணம் இருக்கிறது. லின்னேயஸ் 1766இல் இதற்குப் பேர் வைத்தார். அப்போது இது பிலிப்பைன்ஸ் பறவை என்று பதிவாகியிருந்தது. பிலிப்பைன்ஸில் இந்தப் பறவையே கிடையாது. பிற்பாடு இதன் மூல ஊர் புதுச்சேரி என்று திருத்தினார்கள். ஃபுலிகேடஸ் என்ற இனப்பெயர், லத்தீனில் நாமக்கோழியைக் குறிக்கும் 'ஃபுலிகா'விலிருந்து வந்தது. நாமக்கோழி போலக் கருப்பு என்று பொருள்.

இன்னொருவர் குண்டுக்கரிச்சான். கருப்பு வெள்ளை உடம்பு, நிமிர்ந்த வால். கோடையில் விடிவதற்கு முன்பே ஆன்டெனா, மரக்கிளை என உயரமான இடத்தில் உட்கார்ந்து விதவிதமாகப் பாடும். ஹாஸ்டல் ஜன்னல் வழியாகக் கேட்கும் அந்த நீளமான விசில் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் இதன் பேர் மேக்பை-ராபின். மேலே படித்ததை வைத்துப் பிரித்துப் பாருங்க: மேக், பை, ராபின். அதாவது மார்கரெட், கருப்புவெள்ளைக் காக்கை, ராபர்ட். ஒரு பெண் பேர், ஒரு ஆண் பேர், நடுவில் ஒரு காக்கை இனம். ஆனால் பறவை மார்கரெட்டும் இல்லை, ராபர்ட்டும் இல்லை, காக்கையும் இல்லை.

சரி, அதன் அறிவியல் பெயர் காப்சிகஸ் சௌலாரிஸ். இந்த சௌலாரிஸ் எங்கிருந்து வந்தது என்பதே ஒரு துப்பறியும் கதை. இந்தியில் இந்தப் பறவைக்கு 'தயால்', 'தஹியல்' போன்ற பேர்கள் உண்டு. ஆங்கிலேயர் காதில் அது 'டயல்' என்று விழுந்தது. 'டயல் பேர்டு' என்று எழுதினார்கள். டயல் என்றால் கடிகார முகம், சூரியக் கடிகாரம். பிரெஞ்சு இயற்கையாளர் லெவைலான் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு 'காட்ரான்' என்று பேர் கொடுத்தார். பிரெஞ்சில் சூரியக் கடிகாரம்! பிறகு ஜெர்டன் என்ற பறவையியலாளர், 'லின்னேயஸும் சூரியன் என்று நினைத்து சோலாரிஸ் என எழுதப் போய், கை தவறி சௌலாரிஸ் என்று எழுதிவிட்டார்' என்று விளக்கம் கொடுத்தார்.

இதை மறுத்தவர் கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் எட்வர்டு ப்ளித். சென்னையில் கம்பெனியின் அறுவை மருத்துவராக இருந்த எட்வர்டு பல்க்லி, இந்தப் பறவை ஒன்றை லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பியபோதே 'சௌலரி' என்ற உள்ளூர்ப் பேரையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அது 1713இல் வெளியான ஜான் ரேயின் பறவை நூலில் அச்சாகியிருக்கிறது. லின்னேயஸ் 1758இல் செய்தது அந்தப் பேரை லத்தீன் ஆக்கியது மட்டும்தான். 'சௌ' என்றால் நூறு. நூறு பாட்டுக்காரன் என்பது ப்ளித் சொன்ன பொருள். ஆக, உலகம் முழுவதும் பயன்படும் அந்த லத்தீன் பேருக்குள் சென்னைக் கோட்டையில் கேட்டு எழுதிய ஒரு இந்தியச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. சூரியனும் இல்லை, கடிகாரமும் இல்லை.

அந்த 'தயால்' வங்காளத்தில் 'தோயேல்'. வங்கதேசத்தின் தேசியப் பறவை அது. அவர்களின் இரண்டு டாக்கா நோட்டில் அதன் படம் இருந்தது. 2011இல் அந்நாட்டு அரசு நிறுவனம் ஒன்று வெளியிட்ட மலிவு விலை லேப்டாப்புக்கும் தோயேல் என்றே பேர் வைத்தார்கள்.

இதில் ஒரு எதிர்பாராத திருப்பம். ஐரோப்பிய ராபினை முன்பு த்ரஷ் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு அதை ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு மாற்றினார்கள். நம்ம கருஞ்சிட்டும் குண்டுக்கரிச்சானும் அதே ஈப்பிடிப்பான் குடும்பம்தான். அதாவது, மார்பில் சிவப்போடு அச்சு அசலாகத் தெரிந்த அமெரிக்க ராபினைவிட, சிவப்பு மார்பே இல்லாத நம்ம ஊர் 'ராபின்கள்' ஒரிஜினல் ராபினுக்கு நெருங்கிய சொந்தம். நிறத்தை வைத்து அடித்த கணக்கு தப்பாகி, கண்ணை மூடிக்கொண்டு அடித்தது சரியாகிவிட்டது!

ஒரு பார்வையில்

- ஐரோப்பிய ராபின்: செம்மஞ்சள் மார்பு, ஈப்பிடிப்பான் குடும்பம், குளிர்கால அடையாளம்.
- அமெரிக்க ராபின்: செங்கல் நிற மார்பு, த்ரஷ் குடும்பம், வசந்த கால அடையாளம்.
- ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ராபின்கள்: சிவப்பு, மஞ்சள், கருப்பு எல்லாம் உண்டு, தனிக் குடும்பம்.
- இந்தியன் ராபின்: வாலடியில் மட்டும் செம்மை, ஈப்பிடிப்பான் குடும்பம்.
- மேக்பை-ராபின்: சிவப்பே இல்லை, ஈப்பிடிப்பான் குடும்பம்.

தமிழும் இதைத்தான் செய்தது

இதுவரை படித்ததில் 'ஆங்கிலேயன் வந்தான், தப்பாப் பேர் வெச்சான்' என்று முடித்துவிடலாம். ஆனால் நேர்மையாகப் பார்த்தால் நம்ம பேர்களும் இதே வேலையைத்தான் செய்திருக்கின்றன.

கரிச்சான் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இரட்டைவால் குருவி, மின்கம்பியிலும் மாட்டின் முதுகிலும் உட்காருமே அது. கரி நிறம், அதனால் கரிச்சான். குண்டுக்கரிச்சான் அதற்குச் சொந்தமே இல்லை. 'கரிச்சான் மாதிரி கருப்பு, ஆனா உருண்டையா இருக்கு' என்று தெரிந்த பறவையின் பேரை நீட்டித் தெரியாத பறவைக்கு வைத்தார்கள். மேக்பை-ராபின் என்று வைத்தவரின் மூளையும் இதே வழியில்தான் வேலை செய்தது.

சிட்டு என்ற சொல் இன்னும் சுவாரஸ்யம். சிட்டுக்குருவி, தேன்சிட்டு, தையல்சிட்டு, கருஞ்சிட்டு. நான்கும் நான்கு வெவ்வேறு குடும்பங்கள். சின்னது, சுறுசுறுப்பானது என்பது மட்டும்தான் பொது. நம்ம மொழியின் ராபின் அதுதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தமிழ்ப் பேரில் சிட்டுக்கு முன்னால் ஒரு அடைமொழி நிற்கிறது. தேன், தையல், கருமை. அந்த அடைமொழிதான் பறவை என்ன செய்யும், எப்படி இருக்கும் என்று சொல்கிறது. ஆங்கிலத்தில் உதிர்ந்த பாதி, தமிழில் உதிராமல் இருக்கிறது. தையல்சிட்டு என்ற பேர் தெரிந்தவனுக்கு இலையைத் தைத்துக் கட்டிய கூட்டைப் பார்த்ததும் யார் வேலை என்று புரிந்துவிடும்.

என்னைப் போல இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பலருக்கும் ராபின் என்ற பேர் ரைம்ஸ் புத்தகத்திலேயே தெரியும். கருஞ்சிட்டு என்ற பேர் காலேஜ் வந்தும் தெரியாது. பார்க்காத பறவையின் பேர் தெரிகிறது, தினமும் பார்க்கிற பறவைக்குப் பேர் இல்லை. இதில் ஆங்கிலத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேர் இல்லாத பறவை பத்து வருஷம் கழித்து வராமல் போனால், வரவில்லை என்பதே நமக்குத் தெரியாது. எது குறைந்தது என்று சொல்ல ஒரு சொல் வேண்டும் இல்லையா? உண்மையான இழப்பு இங்கேதான்.

பேரை மாற்றலாமா?

பறவைப் பேர் என்பது இன்று சூடான விவாதமும் கூட. அமெரிக்கப் பறவையியல் கழகம் 2020இல் 'மெக்கவுன்ஸ் லாங்ஸ்பர்' என்ற பறவையின் ஆங்கிலப் பேரைத் 'தடித்த அலகு லாங்ஸ்பர்' என்ற பொருளில் மாற்றியது. மெக்கவுன் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்புப் படையின் தளபதி. 2023 நவம்பரில் அந்தக் கழகம், தன் எல்லைக்குள் வரும் மனிதர்களின் பேர் தாங்கிய எல்லாப் பறவைகளுக்கும் புது ஆங்கிலப் பேர் வைக்கப்போவதாக அறிவித்தது. பறவையைப் பற்றிச் சொல்லும் பேர் வேண்டும் என்பது அவர்கள் வாதம். பழகிய பேரை மாற்றினால் பழைய பதிவுகளோடு தொடர்பு அறுந்துவிடும் என்பது எதிர்த்தரப்பின் கவலை.

நம்ம பக்கத்திலும் யோசிக்க விஷயம் உண்டு. குண்டுக்கரிச்சானுக்கு மலையாளத்தில் வண்ணாத்திப்புள்ளு என்று ஒரு பேர். சலவைத் தொழில் செய்த சாதியின் பெண்ணைக் குறிக்கும் சொல் அது. அதை அப்படியே வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? எனக்குத் தோன்றுவது இதுதான்: பழைய பேரை அழிக்க வேண்டாம், அது எப்படி வந்தது என்று எழுதி வைப்போம். அன்றாடம் கூப்பிட, பறவையைக் காட்டும் பேரை எடுத்துக்கொள்வோம். பேரை மாற்றுவது வேறு, வரலாற்றை மறைப்பது வேறு.

நீங்களே செய்து பார்க்க

அடுத்த தடவை ஒரு பறவைப் பேர் காதில் விழுந்தால் மூன்று கேள்வி கேளுங்க.

1. இந்தப் பேர் பறவையைப் பற்றிச் சொல்கிறதா, பேர் வைத்தவரைப் பற்றிச் சொல்கிறதா?
2. இது இந்தப் பறவைக்கென்றே பிறந்த பேரா, வேறு ஊர்ப் பறவையிடம் கடன் வாங்கியதா?
3. இதே பறவையை என் பாட்டி என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இணையத்தில் கிடைப்பது கஷ்டம். ஊருக்கு ஃபோன் பண்ணித்தான் கேட்கணும். ஒரே பறவைக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு பேர் இருக்கலாம், அதையும் எழுதி வைங்க. இந்த செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகும்போது, ஆளுக்கு ஐந்து பறவைப் பேர் கேட்டு வந்து இந்த இதழுக்கு அனுப்பினால், அடுத்த இதழில் ஊர் வாரியாக ஒரு பட்டியல் போட்டுவிடலாம். பல்க்லி ஒரு சொல்லைக் கேட்டு எழுதி அனுப்பியதால்தான் சௌலரி முந்நூறு வருஷம் கழித்தும் நம் கையில் இருக்கிறது.